சத்துமா பக்கெட்டைக் குடும்பமே பங்குபோட்டுத் தின்றால் அந்த உதவியால் என்ன பயன்?

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி, அது சேரவேண்டிய பிள்ளைக்குச் சேரவில்லையே என்ற கவலையில் கேட்கிறீர்கள்போல. பிழையில்லை. ஆனால் அப்படிப் பங்குபோட்ட தாய் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

2022, இலங்கையின் பொருளாதார நெருக்கடி நேரம். மட்டக்களப்பில் வாகரைப் பக்கம் எங்கள் வீடு. மனிசனுக்கு இயந்திரப் படகில் கடல்தொழில். மண்ணெண்ணெய் இல்லாமல் படகு கரையில் கிடந்தது. ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபிறகு, கிடைத்தாலும் வாங்க ஏலாது. மூன்றரை வயது மகனின் நிறை கிளினிக் அட்டையில் சரியான நிறையைக் காட்டும் பச்சைப் பட்டியைவிட்டு இறங்கிவிட்டது. மிட்வைஃப் மிஸ் இரண்டு பக்கெட் திரிபோஷா தந்தா, அரசு கிளினிக்கில் கொடுக்கும் சத்துமா அது. ஒன்று 750 கிராம். நாளுக்கு 50 கிராம்படி ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம்.

தேங்காய்ப்பூ போட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தேன். ஆண்டு நான்கு படிக்கும் மூத்தவள் ஒன்றும் கேட்கவில்லை. மா குழைத்த கோப்பையைக் கழுவ எடுத்தபோது கையிலிருந்து வாங்கி, விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினாள். அடுத்த நாளிலிருந்து உருண்டையைப் பாதியாக்கி இருவருக்கும் கொடுத்தேன்.

'பிள்ளையின் சத்துணவைப் பங்குபோடலாமா' என்று சிலர் வருவீர்கள். கூடாது, தெரியும். ஐந்து வயது தாண்டியவளுக்குக் கிளினிக்கில் ஒன்றும் இல்லை. அவளை வெளியே நிற்கவைத்துவிட்டா இவனுக்கு ஊட்டுவது?

அடுத்த கிளினிக்கில் நிறை ஏறவில்லை. "வீட்ட வேற ஆருகா சாப்பிடுற?" என்று மிஸ் கேட்டா. சொன்னேன். ஏசவில்லை. எங்கள் பெயரை நிவாரணப் பட்டியலில் சேர்க்கச் சொன்னா. ஒரு தொண்டு நிறுவனம் அரிசி, பருப்பு, எண்ணெய், ரின்னில் அடைத்த மீன் தந்தது. சோறு வந்தபிறகுதான் திரிபோஷா முழுக்க மகனுக்குப் போனது. இரண்டு மாதத்தில் 600 கிராம் ஏறினான். அந்த மா வீண் என்று சொல்லாதீர்கள். அதோடு வீட்டுக்கு அரிசியும் போகவேண்டும், அவ்வளவுதான். சொல்லப்போனால் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். திரிபோஷாவில் சேர்க்கும் சோளத்தில் பூஞ்சையால் வரும் அஃப்ளாடொக்சின் நச்சுப் பிரச்சினையால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அப்போது திரிபோஷாவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அரிசி வந்த கிழமையே நுண்கடன் வசூலிக்கிறவர் வந்து பொழுதுபடும்வரை விறாந்தையில் குந்தியிருந்தார். மூட்டையைக் காட்டி, "சாப்பாட்டுக்குத்தான் வழி வந்திட்டே, தவணையக் கட்டுங்க" என்றார். அயலுக்குள் வெட்கம். உதவி எங்கே போகிறது என்று கேட்டீர்களே, அதில் ஐந்து கிலோவை விற்ற காசு போனது அவரிடம்தான்.