ரத்தத்தில் காட்மியம் ‘நார்மல்’ என்று வந்தால் கவலை தீர்ந்ததா?

கேள்வி: கணவரின் வேலைக்காக இரண்டு வருடமாக ஜப்பானில் தொயாமா நகரில் இருக்கிறோம். ஒரு காலத்தில் இங்கே அரிசியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் ஏறி, பெண்களுக்கு எலும்பு முறியும் நோய் வந்ததாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். இந்த ஊர் அரிசியைத்தான் நாங்களும் சாப்பிடுகிறோம். எனக்கு ரத்தசோகை வேறு. இன்னொன்று, ஊரில் என் மாமனார் (வயது 64) காட்மியம் முலாம் பூசும் பட்டறையில் 18 வருடம் இருந்தவர். ஓய்வு பெற்று 6 வருடம் ஆகிறது. பீடி உண்டு. இடுப்பிலும் தொடையிலும் வலி என்கிறார். ரத்தத்தில் காட்மியம் பார்த்தோம், நார்மல். சிறுநீரில் புரதம் இல்லை. சர்க்கரை மட்டும் ++. ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 92தான். இனிக் கவலை இல்லையா?

பதில்: உங்கள் மாமனாரிடமிருந்தே தொடங்குகிறோம். அவசரம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான வரி அந்த ++.

ரத்தத்தில் உள்ள காட்மியம் பெரும்பாலும் கடந்த சில மாதங்களில் உடம்புக்குள் போனதையே காட்டும். பட்டறையை விட்டு 6 வருடம் ஆனவருக்கு அது இறங்கியிருப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். அந்த 18 வருடத்தில் போனது எங்கே? கல்லீரலில் மெட்டலோதயோனின் என்ற புரதம் காட்மியத்தைக் கட்டிப் பிடிக்கிறது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகத்துக்குப் போய்த் தங்கிவிடுகிறது. அங்கே பாதி குறையவே 10 முதல் 30 வருடம் ஆகும். அதனால், வாழ்நாளில் சேர்ந்த அளவை அறிய சிறுநீரில் உள்ள காட்மியத்தைத்தான் பார்க்க வேண்டும்.

‘புரதம் இல்லை’ என்ற முடிவும் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. சிறுநீரகத்தில் வடிகட்டி ஒரு பகுதி. வடிந்ததிலிருந்து உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சும் நுண்குழாய் இன்னொரு பகுதி. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சாதாரண பட்டைச் சோதனை முக்கியமாக ஆல்புமின் என்ற பெரிய புரதத்தைத்தான் காட்டும். பெரும்பாலும் வடிகட்டி கெட்டால்தான் ஆல்புமின் ஒழுகும். காட்மியம் முதலில் அடிப்பது நுண்குழாயை. அப்போது ஒழுகுபவை பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற சின்னஞ்சிறு புரதங்கள். பட்டையில் அவை தெரியாது. ரத்தக் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) ஆரம்பத்தில் சரியாகவே இருக்கும். இப்படி எல்லாம் ‘நார்மல்’ என்று வந்தபடியே நுண்குழாய் பழுதாகிக்கொண்டிருப்பது இந்த உலோகத்தின் குணம்.

அந்த நுண்குழாய் செய்யும் வேலைகளில் ஒன்று சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சுவது. ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை போனால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் அவருடைய மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றத்தான் தருகிறார்கள். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இதய பலவீனத்துக்காக எழுதித்தருவது உண்டு. அடுத்து, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையும் மூன்று மாத சராசரியும் பாருங்கள். வெறும் வயிற்றில் 92 இருப்பவருக்குச் சாப்பிட்டபின் ஏறுவது உண்டு. இரண்டும் இல்லை என்றால் அந்த ++ நுண்குழாயின் குரலாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

செய்ய வேண்டிய பரிசோதனைகள் இவை. சிறுநீரில் காட்மியம், கிரியேட்டினினோடு சேர்த்து, மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி உள்ள ஆய்வகமாகப் பாருங்கள். சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின். ரத்தத்தில் பாஸ்பேட், கால்சியம், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், யூரிக் அமிலம், பைகார்பனேட், வைட்டமின் டி, கிரியேட்டினின். பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் பைகார்பனேட்டும் குறைந்து, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும் ஏறியிருந்தால் நுண்குழாய் ஒழுகுகிறது, எலும்பும் மெலிகிறது என்று சந்தேகிக்கலாம். தொடை வலி இருப்பதால் இடுப்பெலும்பு, தொடையெலும்புக் கழுத்து எக்ஸ்ரேயும் கேளுங்கள். விரிசல் போன்ற வெளிர்க்கோடு தெரிகிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ‘வயதுத் தேய்மானம்’ என்று தாண்டிப் போய்விடும்.

சிறுநீர் கொடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு தனித்தனிக் குப்பி வேண்டும். காட்மியத்துக்கான குப்பி, ஆய்வகமே தரும் உலோகம் கலவாத பிளாஸ்டிக் குப்பியாக இருக்கட்டும். சிவப்பு, மஞ்சள் மூடி வேண்டாம். அந்த நிறமிகள் சிலவற்றிலேயே காட்மியம் உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பீடி தொட்ட விரலால் மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடிக்க வேண்டும். இந்தக் குப்பியில் ஆய்வகம் அமிலம் சேர்க்கலாம், தவறில்லை. பீட்டா-2 குப்பியில் அமிலம் சேரவே கூடாது. சிறுநீர் புளித்திருந்தால், அதாவது பி.எச். 6க்குக் கீழே போனால், அந்தப் புரதம் மூத்திரப்பையிலேயே சிதைந்துபோகும். முடிவு பொய்யாகக் குறைவாக வரும். அதனால் எழுந்ததும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, அடுத்த முறை போவதைப் பிடியுங்கள். ஆய்வகத்தில் உடனே பி.எச். பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். அவர்களால் முடியாவிட்டால் ரெட்டினால் கட்டும் புரதம் அல்லது ஆல்பா-1 மைக்ரோகுளோபுலின் பார்க்கச் சொல்லலாம். அவை அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும்.

எண்களை இப்படிப் படியுங்கள். எல்லாம் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு. புகைக்காதவருக்குச் சிறுநீர்க் காட்மியம் பெரும்பாலும் 1க்குக் கீழே இருக்கும். 5ஐத் தாண்டினால் நுண்குழாய்ப் பாதிப்பு கூடுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2010இல் எல்லைக்கோடாக எடுத்துக்கொண்டது. பீட்டா-2 அளவு 300 வரை கவலை இல்லை. 300 முதல் 1,000 வரை, உள்ளே போவதை நிறுத்தினால் ஓரளவு திரும்ப வாய்ப்பு உண்டு. 1,000க்கு மேல் போனது திரும்புவதில்லை. வயதோடு சிறுநீரகம் இறங்குவதை அது வேகப்படுத்தும். சர்க்கரை நோய் போன்ற வேறு காரணங்களாலும் பீட்டா-2 ஏறும், ஆகவே ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இனி நீங்கள் இருக்கும் ஊர். அண்டை மாகாணமான கிஃபுவின் மலையில் கமியோக்கா சுரங்கம். மித்சுயி நிறுவனம் அங்கே துத்தநாகமும் ஈயமும் எடுத்தது. கழிவோடு காட்மியம் ஜின்சூ ஆற்றில் இறங்கியது. கீழே தொயாமா சமவெளியில் அந்த ஆற்று நீரே வயலுக்கும் குடிக்கவும். விளைந்ததை விளைவித்தவர்களே சாப்பிட்டார்கள். வருடக்கணக்கில் சேர்ந்த பிறகு முதலில் சிறுநீரகம் பழுதாகி, பாஸ்பேட் ஒழுகி, எலும்பு சுண்ணம் பிடிக்காமல் மெழுகாக இளகியது. பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் பல பிள்ளைகள் பெற்று, மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்கள். வாத்து போல இரண்டு பக்கமும் சாய்ந்து நடப்பார்கள். பிறகு நடையும் நிற்கும். இருமினாலே விலா எலும்பு முறியும். ‘இத்தாய், இத்தாய்’ என்றால் ‘வலிக்குதே, வலிக்குதே’. அந்த முனகல்தான் நோயின் பெயர். உள்ளூர் மருத்துவர் நொபொரு ஹாகினோ காட்மியமே காரணம் என்று 1961இல் சொன்னபோது அவரை நம்பியவர்கள் குறைவு. 1968 மே மாதம் அரசு அதை மாசால் வந்த நோய் என்று ஏற்றது. பாதிக்கப்பட்டோர் மித்சுயி மீது போட்ட வழக்கில், 1972 ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் மக்களே வென்றார்கள்.

அந்த வெற்றியோடு அவர்கள் பெற்ற இன்னொன்றுதான் இன்று உங்கள் தட்டைக் காக்கிறது: சுரங்கத்துக்குள் போய்ச் சோதிக்கும் உரிமை. 1972 முதல் வருடந்தோறும் குடியிருப்போரும் நிபுணர்களும் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். கெட்ட மேல்மண்ணைப் புதைத்து, மேலே கெட்டித் தளம் போட்டு, புது மண் பரப்பும் வேலை 2012இல்தான் முடிந்தது. மொத்தம் 863 ஹெக்டேர், 33 வருடம். தொயாமாவில் கடையில் விற்கும் அரிசியைத் தயங்காமல் வாங்கலாம். குழாய்த் தண்ணீரும் அப்படியே.

அரிசியைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அரிசியில் காட்மியம் இருக்கலாம் என்று அனுமதிக்கும் எல்லை, ஜப்பானிலும் சர்வதேச அளவிலும் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். மேலே சொன்ன நிபுணர் குழு தாங்கலாம் என்று வைத்த அளவு, மாதத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். 50 கிலோ எடைப் பெண்ணுக்கு அது நாளுக்குச் சுமார் 42. நம்மைப் போல் நாளுக்கு 300 கிராம் அரிசி போட்டால், 0.4 உள்ள அரிசி மட்டுமே 120 தந்துவிடும்! 0.05 உள்ள அரிசி 15தான் தரும். எல்லைக்குள் இருப்பது வேறு, தினமும் அதே எல்லை அரிசியைச் சாப்பிடுவது வேறு. கடை அரிசியில் பல வயல் கலப்பதால் இது பெரும்பாலும் சமன்பட்டுவிடும். ஆபத்து, கெட்ட ஒரே வயலின் நெல்லை ஆண்டு முழுவதும் சாப்பிடும் வீட்டுக்கு. தாய்லாந்தின் மே சொட் பகுதியில் துத்தநாகச் சுரங்கத்துக்குக் கீழே இருந்த ஊர்களில் இதுவே நடந்தது. 2004இல் 7,697 பேரின் சிறுநீரைச் சோதித்ததில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் சிறுநீர்க் காட்மியத்தில் அந்த 5ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தார்கள். பிறகு அங்கே நெல்லுக்குப் பதில் கரும்பு வைக்க ஊக்கம் கொடுத்தார்கள்.

கொதிக்க வைத்தால் காட்மியம் போகாது. சோறு வடித்துக் கஞ்சியைக் கொட்டுவது ஆர்சனிக்கைக் குறைக்கும். காட்மியத்தை அவ்வளவாகக் குறைக்காது. வயலில்தான் வழி இருக்கிறது. கதிர் வரும் முன் மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் தண்ணீர் கட்டி வைத்தால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் அடங்கும். அந்த நேரத்தில் வயலைக் காயப்போட்டால் அது கரைந்து நெல்லுக்குள் ஏறும். மறுபக்கம், தண்ணீர் நிற்க நிற்க ஆர்சனிக் ஏறும். ஆகவே மண்ணைச் சோதிக்காமல் இதைக் கண்மூடிச் செய்ய முடியாது.

உங்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: ரத்தசோகையைக் கவனியுங்கள். சாப்பாட்டுக் காட்மியத்தில் குடல் எடுத்துக்கொள்வது பொதுவாக நூற்றுக்கு 3 முதல் 7 பங்கு. இரும்புச்சத்து குறைந்தால் குடல் இரும்புக்காகத் திறக்கும் அதே வாசலில் காட்மியமும் நுழைகிறது, பங்கு இரண்டு மூன்று மடங்காகிறது. தொயாமாவின் அந்தப் பெண்களுக்கு நேர்ந்ததில் இதுவும் ஒரு பங்காக இருக்கலாம். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். குறைவாக இருந்தால் அது நிறையும் வரை இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். காட்மியப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை.

மாமனாருக்கு, சேர்ந்த காட்மியத்தை வெளியேற்றும் நம்பகமான மருந்து கிடையாது. ‘நச்சு நீக்கம்’ என்று ஊசியோ டிரிப்போ யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கட்டுக் கழன்ற காட்மியம் மறுபடி சிறுநீரகத்துக்கே போய் இன்னும் கெடுக்கலாம். பீடியை விட வேண்டும். புகையிலைச் செடி காட்மியத்தை இலையில் சேர்க்கும், நுரையீரல் அதைக் குடலைவிடப் பல மடங்கு எடுத்துக்கொள்ளும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை காட்மியத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1993இலேயே வகைப்படுத்திவிட்டது. மூச்சு வாங்கினாலோ நாள்பட்ட இருமல் இருந்தாலோ நுரையீரலையும் பாருங்கள். வலிக்காக டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடுவதை இன்றே நிறுத்துங்கள்.

எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்தால், ‘எலும்புப்புரை’ என்று வாரம் ஒரு மாத்திரை எழுதும் முன் பாஸ்பேட் முடிவை மருத்துவரிடம் காட்டுங்கள். இது எலும்பு மென்மையாகும் நோயாக இருந்தால் பாஸ்பேட்டையும் வைட்டமின் டி-யையும் முதலில் சரிசெய்ய வேண்டும். வைட்டமினைச் செயல்வடிவாக மாற்றுவதும் அந்த நுண்குழாய்தான் என்பதால், சாதாரண டி மாத்திரை போதாமல், ஏற்கெனவே செயல்வடிவில் உள்ள கால்சிட்ரியால் தேவைப்படலாம். சிறுநீரக மருத்துவர்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும். போகும்போது 18 வருடம் என்ன வேலை, எந்தத் தொட்டி, புகைபோக்கி இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். கேட்காவிட்டால் அவராகச் சொல்லமாட்டார்.