மோட் செய்த கேம் கன்சோல் ஃப்ளாஷில் செத்துப்போனால் நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: மோட்சிப் (தயாரிப்பாளரின் பூட்டைத் தாண்ட உள்ளே வைக்கும் சிப்) போட்ட நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். சிஸ்டம் பதிப்பை மாற்றித் தரச் சொல்லி ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். ஃப்ளாஷ் செய்யும்போது, அதாவது சிஸ்டத்தை நினைவகத்தில் எழுதும்போது, பாதியில் பிழை வந்ததாம். இப்போது திரை கறுப்பாகவே இருக்கிறது. "மோட் பண்ணின மெஷினுக்கு கேரண்டி இல்லைன்னு பில்லிலேயே போட்டிருக்கோம். கேஸ் போட்டா நீங்கதான் மாட்டுவீங்க" என்கிறார்கள். கூலியைக் கொடுத்தால்தான் மெஷினைத் தருவார்களாம். என்ன செய்யலாம்?

பதில்: மிரட்டலைப் பிறகு பார்ப்போம். முதலில், அந்த மெஷினில் இனி யாரும் எதையும் ஏற்ற விடாதீர்கள். "இன்னொரு தடவை ட்ரை பண்றோம்" என்று கடையே முன்வந்தாலும் வேண்டாம். உங்களிடம் உள்ள நேரடிச் சாட்சி, நினைவகத்தில் இப்போது இருக்கும் தகவல்தான். மறுபடி ஃப்ளாஷ் செய்தால் அது அழிந்துவிடும். மெமரி கார்டு உங்களுடையது என்றால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஃப்ளாஷ் தோற்றாலே கடையின் கவனக்குறைவு என்று ஆகிவிடாது. எதனால் தோற்றது என்பதில்தான் வழக்கு நிற்கும்.

கடைக்குத் தப்பிக்க வழியே இல்லாத காரணம், வேறொரு மெஷினின் பேக்கப்பை (நினைவகத்தின் நகலை) ஏற்றிவிடுவது. ஸ்விட்ச் நினைவகத்தில் ப்ராட்இன்ஃபோ என்றொரு பகுதி உண்டு. அந்த மெஷினுக்கே உரிய சான்றிதழும் அளவீட்டுத் தகவலும் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனிச் சாவியால் அது பூட்டப்பட்டிருப்பதால் அடுத்த மெஷினுடையது இதில் வேலை செய்யாது. கை வைப்பதற்கு முன், மெஷின் கிளம்பத் தேவையான பூட்0, பூட்1 என்ற பகுதிகள் (தலா 4 எம்பி), முழு நினைவகம் மூன்றையும் நகலெடுத்து வைப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அப்படி எடுத்த பேக்கப்பைக் கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பதிலையே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கிறது என்றால் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, அதனால் 32 ஜிபி நினைவகம் பல துண்டுகளாகத்தான் சேமிக்கப்படும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பேக்கப்பால் மெஷினை மீட்க முடியாது.

அடுத்தது பழைய பதிப்புக்கு இறக்கும் முயற்சி. சில அதிகாரப்பூர்வ அப்டேட்கள் ஏறும்போது சிப்புக்குள் ஒரு ஃபியூஸ் நிரந்தரமாக எரியும். எரிந்த எண்ணிக்கை பழைய பதிப்பு எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக இருந்தால் மெஷின் வழக்கமான முறையில் கிளம்பாது. நீங்கள் "ஏற்றுங்கள்" என்று சொல்லி அவர்கள் இறக்கியிருந்தால் அது தெளிவான சேவைக் குறைபாடு. இறக்கச் சொன்னதே நீங்கள் என்றால் உங்கள் பக்கம் பலவீனம். பேட்டரி தீர்ந்து பாதியில் நின்றிருந்தால் பழி கடைக்குத்தான். நீங்கள் கொடுத்த கார்டு பழுதானதாக இருந்தாலோ, முன்பு யாரோ வைத்த மோட்சிப்பின் சால்டரிங் விட்டிருந்தாலோ கடைக்கு நல்ல எதிர்வாதம் கிடைத்துவிடும்.

மெஷின் கைக்கு வந்ததும், இந்த வேலை தெரிந்த வேறொரு டெக்னீஷியனிடம் கொடுத்து, எதையும் எழுதாமல் நினைவகத்தை நகல் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஹெகேட் போன்ற, வழக்கமான சிஸ்டத்துக்கு முன்பே கிளம்பும் மென்பொருளின் திரை வந்தால் இது முடியும். அதுவே வரவில்லை என்றால் மோட்சிப், சால்டரிங் பக்கம் சந்தேகம் போகும். இரண்டு முறை நகலெடுத்து எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) ஒன்றாக வருகிறதா என்று ஒப்பிட வேண்டும். அந்த ஹாஷ் சட்டத்துக்கும் தேவை. பாரதிய சாட்சிய அதினியம் 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவின்படி மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். அதில் ஏ பகுதியில் நீங்களும் பி பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பார்க்காது என்றாலும் இணைத்துவிடுங்கள். பழுதின் காரணத்தை அந்த டெக்னீஷியனின் பிரமாண வாக்குமூலமாகவும் வாங்குங்கள். ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த ஏற்பாடு முக்கியமாகப் பொருளில் உள்ள குறைபாட்டுக்கானது, உங்களுடையது சேவை பற்றிய புகார்.

இனி மிரட்டல். பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் 2012 திருத்தத்தால் சேர்ந்த 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்திருக்க வேண்டும். சட்டம் தடை செய்யாத நோக்கத்துக்காக உடைத்தால் குற்றமில்லை. இன்னொன்று, அப்படி உடைக்க இன்னொருவருக்கு உதவுகிறவர் அவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. மோட் வேலையைத் தொழிலாகச் செய்யும் எத்தனை கடைகள் இந்தப் பதிவேட்டை வைத்திருக்கின்றன? அது இல்லாத கடை, போலீஸ் பேச்சை எடுக்கத் தயங்க வேண்டும்.

இதைக் கேட்டு நீங்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். திருட்டு கேம்களை அறிந்தே ஓட்டியிருந்தால் 63பி பிரிவு தனியாக நிற்கிறது. குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் சிறையை விட்டு அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி ஏதேனும் கார்டில் இருந்தால், புகார் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். எதையும் அழிக்காதீர்கள். புகாரில் மெஷின் மோட் செய்யப்பட்டது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்து, பிறகு எதிர்த்தரப்பு அதைப் போட்டு உடைத்தால் இன்னும் மோசம்.

பில்லில் உள்ள 'கேரண்டி இல்லை' வாசகம், வேலை பலிக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கைதான். கவனமில்லாமல் வேலை செய்ய அது அனுமதிச் சீட்டு ஆகாது. ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ளவர் தன் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாசகத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தாக்கப் போகாதீர்கள், அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிய வழக்கு. 'சேவைக் குறைபாடு' என்று மட்டும் எழுதினால் மாவட்ட ஆணையம் போதும்.

கூலிக்காகப் பொருளைப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு உரிமை தருகிறது, ஒப்படைத்த நோக்கத்தின்படி வேலை செய்து முடித்தவருக்கு மட்டும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் தொகை சிறியது என்றால் சண்டை வேண்டாம். 'எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று ரசீதில் எழுதிக் கையெழுத்திட்டு மெஷினை மீட்டுக்கொள்ளுங்கள். சாட்சி உங்கள் கையில் இருப்பதுதான் முக்கியம்.

தயாரிப்பாளரின் வாரண்டியை நம்ப வேண்டாம், மாற்றம் செய்த மெஷினுக்கு அது பொதுவாக இல்லை. தயாரிப்பாளர் விதிக்கும் ஆன்லைன் தடைக்கும் கடையைப் பொறுப்பாக்குவது கடினம். புதிய மெஷின் விலையைக் கேட்காதீர்கள், பழைய மெஷினாக நீங்கள் வாங்கிய விலை, கொடுத்த கூலி, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று கேளுங்கள்.

15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டாயமில்லை, ஆனால் சில கடைகள் அதிலேயே இறங்கி வரலாம். வராவிட்டால் நீங்கள் வசிக்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை எங்கே இருந்தாலும் சரி, வழக்கறிஞர் இல்லாமலே செய்யலாம். சேவைக்காகக் கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.