திரும்பி வந்த பிள்ளையும் புதுப் பள்ளிக்கூடமும்

கேள்வி: ரீச்சர், 1990இல் சின்னப் பிள்ளையாகத் திருகோணமலையிலிருந்து அம்மா அப்பாவோடு இந்தியாவுக்குப் போனவள் நான். முதலில் மண்டபம் அகதி முகாம், பிறகு மதுரைப் பக்கம் ஒரு முகாம். கலியாணம் கட்டியதும் மகன் பிறந்ததும் அங்கேதான். போன வருடம் ஊருக்கு வந்துவிட்டோம். மகனுக்கு 14 வயது, தரம் 9 படிக்கிறான். அங்கே கணக்கில் கெட்டிக்காரன். இங்கே கணக்கு, விஞ்ஞானம் இரண்டிலும் புள்ளி சரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் ‘இந்தியாக்காரன்’ என்று சிரிக்கிறார்களாம். கன்ரீனில்கூட விரலால் காட்டித்தான் ரோல்ஸ் வாங்குகிறான். இங்கத்தைய மாதிரிப் பேசிப் பழகட்டும் என்று வீட்டில் நானும் திருத்திக்கொண்டே இருக்கிறேன். இப்போது என்னோடும் பேச்சுக் குறைந்துவிட்டது. முகாமிலுள்ள அம்மம்மாவிடம் அனுப்பிவிடச் சொல்கிறான். அனுப்பட்டுமா?

பதில்: அனுப்ப வேண்டாம், தங்கச்சி. ஆனால் வீட்டில் அவன் பேச்சைத் திருத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். வகுப்பில் வாய் திறக்கப் பயப்படுகிற பிள்ளைக்குப் பயமில்லாமல் பேச ஒரு இடமாவது வேண்டும். அது உங்கள் அடுப்படியாக இருக்கட்டும்.

நீங்கள் சொந்த ஊருக்கு வந்திருக்கிறீர்கள். அவனோ பிறந்த ஊரையும் சிநேகிதரையும் விட்டுவிட்டுப் புது நாட்டுக்கு வந்திருக்கிறான். வெளிநாடு போன குடும்பங்களின் பிள்ளைகள் படும் பாடுதான் அவனுக்கும். ஜோன் பெரி என்ற கனடா உளவியலாளரும் சகாக்களும் 13 நாடுகளில், 13 முதல் 18 வயது வரையான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து 2006இல் நூலாக வெளியிட்டார்கள். கொண்டுவந்த பண்பாடு, வந்த இடத்துப் பண்பாடு இரண்டையும் விடாமல் வைத்திருந்த பிள்ளைகள்தான் மனதளவிலும் பள்ளிக்கூடத்திலும் நன்றாக இருந்தார்கள். எதிலும் ஒட்டாமல் தடுமாறியவர்கள் மிகவும் கஷ்டப்பட்டார்கள். அதனால் மகன் முகாம் நண்பர்களோடு போனில் கதைக்கட்டும், பொங்கலுக்கு அங்கே என்ன செய்தார்கள் என்று சொல்லட்டும். அதை மறந்தால்தான் இங்கே ஒட்டுவான் என்று நினைக்காதீர்கள்.

புள்ளி குறைந்ததை வைத்துப் பிள்ளை மக்காகிவிட்டான் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். அங்கே முக்கோணம், நாற்கரம் என்று படித்தவனுக்கு இங்கே பாடப்புத்தகத்தில் முக்கோணி, நாற்பக்கல். ஆக்சிஜன் இங்கே ஒட்சிசன். கேள்வியே விளங்காவிட்டால் கணக்கு எப்படி வரும்? ஒரு கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சொற்களையும் எழுதிவரச் சொல்லுங்கள். அங்கே ஜூனில் வகுப்பு தொடங்கும், இங்கே ஜனவரியில். இடையில் விடுபட்ட பாடங்களும் இருக்கும். கணித ஆசிரியரிடம் பழைய பாடங்களைக் கேட்டு வாங்குங்கள்.

சைவநெறி அவனுக்குப் புதுப் பாடம். அது தரம் 11 முடிவில் எழுதும் ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சைக்குக் கட்டாயம் என்றாலும் பிடித்துவிடலாம். மாலையில் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். சம்பந்தர் கோணமலைப் பதிகத்தை இராமேஸ்வரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது நம் மரபு. மண்டபத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் எவ்வளவு கிட்ட என்று நீங்களே சொல்லுங்கள். போகிற வழியில் கோட்டை வாசலில் செதுக்கியிருக்கும் பாண்டியரின் இரட்டை மீனையும் காட்டுங்கள். மதுரைப் பக்கத்துப் பிள்ளைக்கு அது தெரிந்த சின்னம்.

சிங்கள எழுத்துத் தெரியாதே என்று பதறவும் வேண்டாம். இரண்டாம் தேசிய மொழி ஓ.எல். பரீட்சைக்குக் கட்டாயப் பாடமில்லை. ஆனாலும் திருகோணமலையில் வாழ்கிறவனுக்கு அது உதவும், மெதுவாகப் படிக்கட்டும்.

கேலியைச் சும்மா விடாதீர்கள். கடிதம் கொடுத்தனுப்பாமல் நேரில் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். எல்லோர் முன்னிலும் அவன் பெயரைச் சொல்லிக் கண்டிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவனை இன்னும் ஒதுக்கிவிடும். பக்கத்தில் நல்ல மனமுள்ள ஒரு பிள்ளையை இருத்தச் சொல்லுங்கள். கிரிக்கெட் விளையாடுவான் என்றால் பின்னேரம் மைதானத்துக்கு அனுப்புங்கள். அங்கே யாரும் பேச்சைக் கவனிக்க மாட்டார்கள்.

இன்னொன்றை உடனே பாருங்கள். அவன் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்தீர்களா? குடியுரிமைச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? 15 வயதானதும் அதிபர் ஊடாகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க இவை வேண்டும், ஓ.எல். பரீட்சை மண்டபத்தில் அந்த அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் இந்தக் கிழமையே இந்தியப் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் இருவரின் பிறப்புப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு கிராம சேவகரிடம் போங்கள்.