ஒன்பது வயதுப் பையனுக்கு ரிமோட் விமானம்: எதை வாங்குவது, எங்கே பறக்கவிடுவது?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது. ரிமோட் பிளேன் வேண்டுமென்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். கனடாவில் இருக்கும் என் தம்பி ஓகஸ்டில் வரும்போது வாங்கிவருவதாகச் சொல்கிறார். மகன் தேடிக் காட்டுவதெல்லாம் போர் விமானங்கள்தான். எதை வாங்கச் சொல்லலாம்? காலிமுகத்திடலில் பறக்கவிடலாமா?

பதில்: காலிமுகத்திடலை மறந்துவிடுங்கள். ஓகஸ்டில் அங்கே வானம் முழுக்கப் பட்டம், கீழே முழுக்கச் சனம். போதாததற்குக் கடலிலிருந்து நேராக அடிக்கும் காற்று. பக்கத்திலேயே ஜனாதிபதி செயலகமும் துறைமுகமும் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இரத்மலானை விமான நிலையம் இருப்பதையும் மனதில் வையுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு ட்ரோன்கள் நிறுத்தப்பட்டது ஞாபகம் இருக்கும். ரிமோட் விமானமும் ஆளில்லாமல் பறப்பதுதான். ஆகவே தம்பி காசு கொடுப்பதற்கு முன்பே சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம், கொண்டுவருவதற்கும் பறக்கவிடுவதற்கும் இப்போது என்ன நிபந்தனை என்று கேட்டுவிடுங்கள். கமரா பூட்டிய மொடல் வேண்டவே வேண்டாம். பையனுக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை, உங்களுக்குத்தான் தலையிடி.

அடுத்தது மைதானம். பலர் விமானத்தை வாங்கிவிட்டு இடம் தேடுகிறார்கள். கொழும்பில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கிடைக்கும் இடம்தான் விமானத்தின் அளவைத் தீர்மானிக்கும். ஞாயிறு காலையில் அதிபரின் அனுமதியோடு ஒரு பாடசாலை மைதானம் கிடைக்குமென்றால், இறக்கை முனைக்கு முனை 40 முதல் 50 சென்ரிமீட்டர் உள்ள சின்ன விமானம் போதும். கொழும்புக்கு வெளியே அறுவடை முடிந்த வயலுக்குப் போய்வர வசதி இருந்தால் ஒரு மீற்றருக்கு மேற்பட்டதை யோசிக்கலாம். பெரியது காற்றில் நிதானமாக நிற்கும், தூரத்திலும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் திரும்பவும் இறங்கவும் அதற்கு நிறைய வெளி வேண்டும். உங்கள் நிலைமைக்கு என் வாக்கு சின்னதற்கே.

போர் விமானம் ஏன் வேண்டாம்? அது வேகமாகப் போனால்தான் பறக்கும். மெதுவாகப் போனால் இறக்கை ஏந்தும் சக்தியை இழந்து விழும். பழகுபவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது: இறக்கை உடலுக்கு மேலே பொருத்தியது, முனைகள் சற்று மேல்நோக்கி வளைந்தது, மெதுவாக மிதப்பது. இப்படி அமைந்த விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானாக நிமிரப் பார்க்கும். விசிறி பின்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. மூக்குக் குத்தினாலும் விசிறி எளிதில் உடையாது. உடல் ஈபிபி (EPP) அல்லது ஈபிஓ (EPO) என்ற, எளிதில் முறியாத நுரையில் செய்தது என்று பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். சாதாரண ரெஜிபோம் முதல் விழுகையிலேயே இரண்டாகப் போய்விடும்.

விமானத்தின் சாய்வை உணர்ந்து திருத்தும் ஜைரோ கட்டாயம் இருக்கட்டும். ரிமோட் குச்சியிலிருந்து கையை எடுத்தால் விமானம் தானாகச் சமநிலைக்கு வரும். ஜைரோ வைத்துப் பழகினால் பிள்ளை ஒழுங்காகக் கற்காது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். முதல் நாளிலேயே விமானம் நொறுங்கினால் பிள்ளை எதையும் கற்காது. வொலான்டெக்ஸ் நிறுவனத்தின் ரேஞ்சர் 400 இந்த வகை. அதே நிறுவனத்தின் ஸ்போர்ட் கப் 500 அதற்கு ஒருபடி மேல். ரிமோட் 2.4 கிகாஹேர்ட்ஸ் ஆகவும், வேகக் குச்சி இடப்பக்கம் உள்ள மோட் 2 ஆகவும் இருக்கட்டும். மிச்சக் காசில் இரண்டு மேலதிகப் பற்றரியும் நாலைந்து விசிறியும் வாங்கச் சொல்லுங்கள்.

பற்றரி விடயத்தில் தம்பிக்கு ஒன்று: உதிரி லித்தியம் பற்றரிகளைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். முனைகளை டேப்பால் மூடிவிடட்டும். 100 வாட்-மணிக்கு (Wh, பற்றரியின் கொள்ளளவு) குறைந்ததற்கு பொதுவாகத் தனி அனுமதி கேட்பதில்லை. இவை அதில் மிகச் சிறிய பங்குதான்.

சரி, பெட்டி வந்துவிட்டது. அன்றே பறக்கவிட அவசரப்படாதீர்கள். ஒரு மாலைப்பொழுதை மேசையில் செலவழியுங்கள். முக்கியமான வேலை பாரச் சமநிலை. பட்டத்துக்கு முச்சை பிழைத்தால் எப்படிக் கரணம் போடுமோ, விமானத்துக்கு இதுவும் அப்படித்தான். இறக்கை உடலோடு சேரும் இடத்தில், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அதன் அகலத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். 12 சென்ரிமீட்டர் என்றால், முன்விளிம்பிலிருந்து 3 முதல் 4 சென்ரிமீட்டருக்குள் இருபக்கமும் பேனையால் ஒரு புள்ளி. கையேட்டில் அளவு போட்டிருந்தால் அதையே எடுங்கள். பற்றரியைப் பூட்டி, இரண்டு விரல் நுனிகளை இறக்கைக்கு அடியில் புள்ளிக்கு நேரே வைத்துத் தூக்குங்கள். மட்டமாக நின்றாலும் மூக்குச் சற்றுத் தாழ்ந்தாலும் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. பற்றரியை முன்னே தள்ளுங்கள். அதுவும் போதாவிட்டால் மூக்கினுள் சின்னப் பாரம் ஒன்றை ஒட்டுங்கள்.

அப்புறம் விசிறியைக் கழற்றிவிட்டு, வாலிலும் சிலவற்றில் இறக்கையிலும் அசையும் மடல்களைச் சோதியுங்கள். ரிமோட்டை முதலில் போட்டு, வேகக் குச்சியைக் கீழே வைத்து, பிறகே பற்றரியை இணைக்க வேண்டும். அணைக்கும்போது பற்றரி முதல், ரிமோட் கடைசி. இணைத்ததும் ஜைரோ தன் நிலையை அறியும்வரை சில வினாடிகள் விமானத்தை அசைக்காதீர்கள். வாலுக்குப் பின்னால் நின்று பாருங்கள்: வலது குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் வாலின் படுக்கை மடல் மேலே எழ வேண்டும், வலப்பக்கம் தள்ளினால் வாலின் நிமிர்ந்த மடலான சுக்கானும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இறக்கையிலும் மடல் இருந்தால் சுக்கான் இடது குச்சிக்கு அசையும்; வலது குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் எழும். இதுவரை எல்லோரும் செய்வார்கள். ஜைரோவைச் சோதிக்கத்தான் மறந்துபோவார்கள். கையில் பிடித்து வலது இறக்கையைக் கீழே சாய்த்துப் பாருங்கள். இறக்கை மடல் உள்ளதென்றால் வலது மடல் கீழே இறங்க வேண்டும். சுக்கான் மட்டும் உள்ளதென்றால் அது இடப்பக்கம் போக வேண்டும். மாறிப் போனால் ஜைரோவே விமானத்தைக் கவிழ்த்துவிடும்.

நேரம்: காலை ஆறரை. கொழும்பில் வெயில் ஏறக் கடற்காற்றும் ஏறும். ஓகஸ்டில் தென்மேல் பருவக்காற்று இன்னும் ஓயாது. இலைகள் அசைந்துகொண்டே இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரையான காலைகள் இதற்கு எவ்வளவோ மேல்.

முதல் பறப்பைப் பெரியவர் ஒருவர் செய்யட்டும். காற்றை எதிர்த்து நின்று, வேகத்தைக் கூட்டி, மட்டமாக எறிய வேண்டும். மேல்நோக்கி எறிந்தால் வேகம் செத்து விழும். நாலுமாடி உயரம் போனபின் ரிமோட்டை மகனிடம் கொடுங்கள். விமானம் தன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரிவதுதான் அவனுக்குப் பெரிய சிக்கலாக இருக்கும். அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். தென்னையில் மோதப்போகிறதென்றால் உடனே வேகக் குச்சியைக் கீழே இழுக்கட்டும். கொழும்புக் காகங்கள் துரத்தும், கண்டுகொள்ள வேண்டாம். நாலைந்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்; கடைசித் துளி சார்ஜ்வரை ஓட்டினால் பற்றரியின் ஆயுள் போய்விடும்.

பற்றரி சூடாறிய பிறகே சார்ஜ் போட வேண்டும், அதுவும் சீமெந்துத் தரையில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது. பற்றரியினுள் இருக்கும் ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிறையும். ஒரு கிழமைக்குப் பறக்கவிட மாட்டீர்களென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் எடுத்துவையுங்கள். ஊதிப்போனதைத் திரும்பப் பாவிக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் எதையும் விட்டுவராதீர்கள்.