கிருமியின் ஊசியை ஆராய விரும்பும் மகளுக்கு என்ன தயாரிப்பு வேண்டும்?

பாக்டீரியா புரதங்களை வெளியே செலுத்தும் ஊசி போன்ற கருவியை ஆராய மகள் விரும்பினால், பெற்றோரான உங்கள் முதல் கவலை பாதுகாப்புதான். அதையே முதலில் பேசிவிடலாம். குடல் நோய் தரும் சால்மொனெல்லா, ஷிகெல்லா போன்றவற்றை உயிர்ப்பாதுகாப்பு நிலை 2 (கிருமியின் ஆபத்துக்கேற்ப உயரும் பாதுகாப்புத் தரம்) ஆய்வகத்தில் கையாளுகிறார்கள். காசநோய்க் கிருமிக்கு நிலை 3 வேண்டும். நோய் தரும் வீரியம் நீக்கிய திரிபில் (கிருமியின் உள்வகையில்) பழக்காமல், வந்த வாரமே நோய்க்கிருமியைக் கையில் கொடுக்கும் ஆய்வகம் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

பாக்டீரியா தன் புரதங்களை வெளியே, சில சமயம் நேராக நம் செல்லுக்குள்ளேயே, அனுப்பப் பயன்படுத்தும் கருவிகளைத்தான் சுரப்பு அமைப்புகள் என்கிறார்கள்; எண்ணிட்டு வகை பிரித்திருக்கிறார்கள். சால்மொனெல்லாவின் மூன்றாம் வகை அமைப்பு ஊசி வடிவில் இருப்பதை 1998-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. அந்தப் படத்தில் மயங்கி இத்துறைக்கு வருபவர்கள் உண்டு. மயங்கட்டும், தவறில்லை. ஆனால் அன்றாட வேலை ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: இந்தப் புரதம் வெளியே அனுப்பப்பட்டதா, இல்லை செல் உடைந்து கசிந்ததா?

அதற்கான அடிப்படைச் சோதனையை மகள் கல்லூரியிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். வளர்ப்பு நீர்மத்தை மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளிந்ததை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தை 10 சதவீதமாகச் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்துப் புரதத்தைப் படியவைத்து, குளிர்ந்த அசிட்டோனில் கழுவி, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்க ஜெல்லில் ஓட்டுவது. கழுவல் போதாவிட்டால் எஞ்சிய அமிலத்தால் மாதிரியில் சேர்க்கும் நீலச் சாயம் மஞ்சளாகும், பட்டைகளும் கோணும். செல்லுக்குள்ளேயே இருக்கவேண்டிய டிஎன்ஏகே போன்ற புரதம் தெளிநீரில் தென்பட்டால் செல் உடைந்திருக்கிறது. அந்த முடிவை நம்ப முடியாது. இந்தச் சரிபார்ப்பைச் சோம்பலின்றிச் செய்யும் மனம் இருக்கிறதா என்பதை மதிப்பெண் காட்டாது.

இன்னொரு பொறி பிளாஸ்மிட், அதாவது பாக்டீரியாவின் முதன்மை டிஎன்ஏவுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம். யெர்சினியாவின் (பிளேக் கிருமி சேர்ந்த பாக்டீரியா இனம்) ஊசிக்கான மரபணுக்கள் சுமார் 70 ஆயிரம் கார இணைகள் கொண்ட பிளாஸ்மிடில் இருக்கின்றன. 37 டிகிரியில் கால்சியம் குறைந்தால் சுரப்பு தொடங்கும், வளர்ச்சி நின்றுவிடும். பிளாஸ்மிடை இழந்த செல்களோ தடையின்றிப் பெருகும். திரும்பத் திரும்ப 37 டிகிரியில் வளர்த்தால் கடைசியில் கையில் இருப்பது ஊசியை இழந்த சாதுவான கிருமி மட்டும்தான். மாதக்கணக்கான உழைப்பு இப்படி வீணாகும். மூலத் திரிபை மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்து, 26 டிகிரியில் வளர்த்து, சோதனைக்கு மட்டும் 37-க்கு மாற்றுவது பாதுகாப்பான பழக்கம்.

பாடத்தில் மூலக்கூறு மரபியலும் புரத உயிர்வேதியியலும் அவசியம். மரபணுவை நீக்கினால் வீரியம் குறைய வேண்டும், திரும்பக் கொடுத்தால் மீள வேண்டும் என்ற தர்க்கம் 1988-ல் நுண்ணுயிரியலாளர் ஸ்டான்லி ஃபால்கோவ் வகுத்தது. இதை விளக்கத் தெரியாமல் முனைவர் பட்ட நேர்காணலுக்குப் போகக் கூடாது.

வேலையா? பல்கலைக்கழகம் மட்டுமே கதி இல்லை. கக்குவான் தடுப்பூசியில் சேரும் நச்சுப்புரதம் நான்காம் வகை அமைப்பு வழியே வெளியேறுவது. காசநோய்க்கான இன்டர்ஃபெரான் ரத்தப் பரிசோதனை நம்பியிருக்கும் இஎஸ்ஏடி-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்கள் காசநோய்க் கிருமியின் ஏழாம் வகை அமைப்பு சுரப்பவை. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியின் திரிபில் அவற்றின் மரபணுக்களே இல்லாததால் அந்தத் தடுப்பூசி போட்டவருக்கும் பரிசோதனை பொருந்துகிறது. தடுப்பூசித் தரக்கட்டுப்பாடு, நோயறி கருவித் தயாரிப்பு இரண்டுக்கும் மேற்சொன்ன கைப்பழக்கம் நேராக உதவும். ஊசியை அடைக்கும் மருந்துகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான். அதை நம்பிச் சேர வேண்டாம்.

ஆய்வகத்தைப் பார்க்கப் போகும்போது, ஊசி இல்லாத திரிபை ஒவ்வொரு சோதனையிலும் ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் ஓட்டுகிறார்களா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.