நிழல் நல்லா இருந்துச்சு

அன்புள்ள சார்,

மே விடுமுறையில் குடும்பத்தோடு பெங்களூர் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போய்வந்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 72 வயது அப்பா. காலையில் உள்ளே போனவர்கள் சாயங்காலம்தான் வெளியே வந்தோம். பாதி நேரம் வரிசையிலேயே போய்விட்டது, ஆனாலும் பிள்ளைகளுக்கு அத்தனை சந்தோஷம். அப்பா மட்டும் ஒரு மரத்தடி பெஞ்சில் எங்கள் பைகளுக்குக் காவலாக நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். ராத்திரி ரயிலில், “எப்படிப்பா இருந்துச்சு?” என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சுப்பா. நிழல் நல்லா இருந்துச்சு” என்றார்.

ஊருக்கு வந்து போனில் படங்களைப் பார்த்தேன். முந்நூற்றுச் சொச்சம் படங்களில் அப்பா இருப்பது ஒன்றே ஒன்றில், அதிலும் ஓரத்தில். அன்றிலிருந்து மனது உறுத்துகிறது. அந்தக் காசுக்கு எல்லோருமாக ஹம்பி போயிருக்கலாமே என்கிறார் நண்பர். செய்தது தவறா சார்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பா சொன்னதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. நம் ஊர் அப்பாக்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி இதையேதான் சொல்கிறார்கள்.

பெஞ்சு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வால்ட் டிஸ்னி தன் மகள்கள் இருவரையும் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கிரிஃபித் பார்க்குக்கு அழைத்துப்போவாராம். பெண்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளோடு பெற்றவர்களும் சேர்ந்து குதூகலிக்க ஓர் இடம் இருந்தால் என்ன என்று அங்கே தோன்றியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அன்று நல்ல வெயில். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் ஹீல்ஸ் அதில் புதைந்தது. பிளம்பர்களின் வேலைநிறுத்தத்தால் பல குழாய்களில் குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்தக் கூட்டத்தில் எத்தனை அப்பாக்கள் நிழல் தேடினார்களோ! பெஞ்சில் உட்கார்ந்து அலுத்த ஓர் அப்பா ஆரம்பித்த சமாசாரம் இது. எழுபது வருஷம் ஆகிவிட்டது, அப்பாக்கள் இன்னும் பெஞ்சிலேயேதான் இருக்கிறார்கள்.

என் அப்பாவையும் ஒருமுறை அப்படி உட்காரவைத்திருக்கிறோம். 1998, நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். அதுவரை எங்களுக்கு ராட்டினம் என்றால் தீவுத்திடல் பொருட்காட்சிதான். பெரிய அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் மரணக் கிணறுமாக ஒரு ராத்திரி, அவ்வளவுதான். சென்னைக்கு வெளியே தீம் பார்க்குகள் வந்து அப்போது கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. அப்படி ஒன்றுக்குத் திண்டிவனத்திலிருந்து மாமா குடும்பத்தோடு சேர்ந்து வேன் பிடித்துப் போனோம். வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். காலை பத்தரை மணிக்கு எல்லோரும் வேனுக்குள் உட்கார்ந்து மதியத்துக்குக் கட்டிய புளிசாதத்தைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் உள்ளே போனோம்.

அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எதிலும் ஏற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ரோலர் கோஸ்டருக்கு எதிரே ஒரு சிமெண்டு மேடையில் எல்லோருடைய பைகளையும் செருப்புகளையும் தன்னைச் சுற்றி அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாடகைக்குச் செருப்பு விடுகிற கடை மாதிரி இருந்தது. கூடப் படிக்கிறவன் எவனாவது பார்த்துவிடுவானோ என்று எனக்குக் கூச்சம். இப்போது அதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

நானும் தங்கையும் மூன்றாவது முறை ஏறினோம். வண்டி முதல் மேட்டில் முக்கால்வாசி ஏறியிருக்கும், கரண்ட் போய்விட்டது. டக் டக் என்று வந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. முகம் வானத்தைப் பார்க்க, முதுகுக்குப் பின்னால் பள்ளம். தங்கை என் கையைப் பிறாண்டியே ரத்தம் வரவைத்துவிட்டாள். கீழே அம்மா ஓடிவந்து அழுகிறாள். அப்பா எழுந்திருக்கக்கூட இல்லை.

ஜெனரேட்டர் போட்டுப் பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பியது. இறங்கி வந்ததும் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள், பிள்ளைகள் அந்தரத்தில் தொங்கும்போது மனுஷன் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாரா என்று. அப்பா நிதானமாகச் சொன்னார்: “பின்னால உருளாது. பல்லு புடிச்சிருக்கு.”

அப்புறம் வேனில் திரும்பும்போதுதான் விளக்கினார். காலையிலிருந்து அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஏறும்போது மட்டும் வருகிறது, இறங்கும்போது இல்லை. சைக்கிள் ஃப்ரீவீலில் பெடலை நிறுத்தினால் வருகிற அதே சத்தம். உள்ளே சின்ன நாக்கு ஒன்று பல் பல்லாக விழுந்து எழும். ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. சங்கிலி அறுந்தாலும் அந்த நாக்கு வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சங்கிலிக்கு வேலை அந்த முதல் மேட்டோடு சரி, மிச்சமெல்லாம் பெடல் மிதிக்காமல் பாலத்திலிருந்து இறங்குகிற மாதிரிதான். அதனால்தான் அடுத்து வருகிற மேடு எதுவும் முதல் மேட்டை விட உயரமில்லை, கவனிச்சியா என்று கேட்டார். நான் எங்கே கவனித்தேன்? மூன்று தடவையும் கண்ணை மூடிக்கொண்டல்லவா இருந்தேன்.

“உன் தங்கச்சிக்குப் பயம்னா கடைசிப் பெட்டியில உக்கார வைக்காத, முன்னால வை” என்றும் சொன்னார். முன்பெட்டி உச்சியை மெதுவாகத்தான் தாண்டும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்னால் போனவை எல்லாம் சேர்ந்து இழுக்க ஆரம்பித்துவிடும். பயந்தவர்கள் பின்னால் போய்ப் பதுங்குகிறார்கள், அதிகமாகத் தூக்கிப்போடுவது அங்கேதான். பல வருஷம் கழித்து ஒரு பௌதிகப் புத்தகத்தில் இதையே படம் போட்டு விளக்கியிருந்ததைப் பார்த்தேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தவறு என்றெல்லாம் இல்லை. பிள்ளைகளுக்கு வரிசையில் நின்ற அலுப்பு மறந்துபோயிருக்கும், கேட்டுப்பாருங்கள். நண்பர் சொல்கிற ஹம்பி எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் ரயிலில் நீங்கள் கேட்ட கேள்விதான் சரியில்லை என்று எனக்குப் படுகிறது. எப்படி இருந்தது என்று கேட்டால் அப்பாக்களிடமிருந்து நிழலும் காற்றும்தான் பதிலாக வரும். அங்கே உட்கார்ந்து என்னென்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த மனிதர், நீங்கள் யாரும் பார்க்காத எதையாவது நிச்சயம் பார்த்திருப்பார். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள். அந்த ஓரத்துப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அந்த சிமெண்டு மேடைப் படம் ஒன்றுகூட இல்லை. இருந்த 36 ஃபிலிமையும் நாங்கள் தண்ணீரிலேயே தீர்த்துவிட்டோம்.

ஹம்பிக்கும் போய்வாருங்கள். பாறைக்காடு, நிழல் குறைச்சல். அப்பாவுக்கு ஒரு நல்ல குடையாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.