தங்கச்சிக்கு மூணு இட்லி போதும், எனக்கு ஆறும் பத்தலையே?

கேள்வி: எனக்கு 34 வயசு, 82 கிலோ. தங்கச்சி 56 கிலோதான், ஒரே வீட்ல ஒரே சாப்பாடு சாப்பிட்டு வளந்தவங்க நாங்க. அவ மூணு இட்லில கை கழுவிடுவா, எனக்கு ஆறு சாப்பிட்டாலும் அடங்கல. வாயக் கட்டுன்னு மாமியார் திட்றாங்க. ரெண்டாவது குழந்தை வரைக்கும் நானும் ஒல்லிதான். நெட்ல லெப்டின் டெஸ்ட்னு பாத்தேன், எடுக்கவா?

பதில்: உங்க தங்கச்சி ஒண்ணும் வாயக் கட்டலைங்க, அவளுக்கு பசி சீக்கிரம் அடங்குது, அவ்ளோதான். கூடப் பொறந்தவங்கன்னாலும் சராசரியா பாதி ஜீன்தான் ஒத்துப்போகும், சீட்டுக்கட்ட கலைச்சுப் போட்ட மாதிரி.

லெப்டின்ங்கறது கொழுப்புலேர்ந்து மூளைக்குப் போற தகவல், ஸ்டாக் இருக்கு போதும்னு. 1997ல கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் ஒரு பொண்ணப் பத்தி எழுதினாங்க, 8 வயசுல 86 கிலோ, எவ்ளோ குடுத்தாலும் பசி, பாத்தா ஜீன்ல இருந்த கோளாறால லெப்டினே சுரக்கல. அத ஊசியா போட ஆரம்பிச்சதும் பசி அடங்கி ஒரு வருஷத்துல 16 கிலோ குறைஞ்சுது. ஆனா அந்த மாதிரி கேஸ் ரொம்ப ரொம்ப அபூர்வம், கைக்குழந்தையிலயே ஆரம்பிச்சிடும். உங்களுக்கு அது இல்ல, நம்மள மாதிரி குண்டா இருக்கறவங்களுக்கு (நானும்தான்) லெப்டின் நெறையவே இருக்கும், மூளைதான் காதுல வாங்காது. டெஸ்ட் காசு வேஸ்ட்.

நம்ம கதை வேற. எஃப்டிஓன்னு ஒரு ஜீன், 2007ல தெரிஞ்சுது, அதுல ஒரு வகை அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணுன்னு ரெண்டு காப்பியும் இருக்கறவங்க, அது இல்லாதவங்களவிட சராசரியா 3 கிலோ கூட இருக்காங்க. சாப்பிட்டதும் கிரெலின்னு வயித்துல சுரக்கற பசி ஹார்மோன் சர்ருனு இறங்கணும், இவங்களுக்கு அது சரியா இறங்கறதில்லன்னு பின்னாடி லண்டன்ல பாத்தாங்க. ஆறாவது இட்லிக்கு அப்புறமும் கை நீளுதுன்னா இந்த மாதிரி ஏதாவது இருக்கலாம். இன்னும் நூத்துக்கணக்கான ஜீன் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் சேக்குது.

அதுக்காக 26 கிலோ வித்தியாசத்தையும் ஜீன் தலைல கட்டிடாதீங்க, குழந்தை பொறந்தப்புறம் தூக்கம் கெட்டிருக்கும், தூக்கம் கெட்டா பசி ஏறும். மொதல்ல தைராய்டு, சுகர் பாத்துடுங்க. அப்புறம் ஹாட்பாக்ஸ டேபிள்ல வைக்காம மூணு இட்லியும் ஒரு பெரிய கப் சாம்பாரும் தட்டுல போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க, இன்னும் வேணும்னா இருபது நிமிஷம் கழிச்சு எழுந்து போய் எடுங்க. மாமியார் கிட்டயும் அந்த 86 கிலோ பொண்ணு கதைய சொல்லிப் பாருங்களேன்.